ஆயா எழும்பும் விளையாட்டு

அந்த வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பதினாறு பிள்ளைகள். வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஆனாலும் எல்லோர் வாயிலும் அது பிள்ளைக்காம்பராதான். தாய்மார் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போவார்கள். பத்து மணிக்கும் பகலுக்கும் பால் கொடுக்க ஓடிவருவார்கள். மற்ற நேரமெல்லாம் அதுகள் என் பிள்ளைகள்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பெரிய ஆட்களிடம் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளிடம் அப்படி இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அந்த வேலை பொருந்தியதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அதற்கு முந்திய வருஷம் என் அக்கா மலையில் கொழுந்து எடுக்கும்போதே விழுந்து செத்துப்போனாள். நெஞ்சடைப்பு என்றார்கள். கூடையைக்கூட அவள் முதுகிலிருந்து கழற்றியிருக்கவில்லை. பிறகு தோட்டத்துக்கு டொக்டர்மார் வந்து எல்லோருக்கும் இரத்தம் பார்த்தார்கள். எனக்குக் கொலஸ்ட்ரோல் கூட என்று துண்டு வந்தது.

யாரும் நம்பவில்லை. நான் மூங்கில் கம்பு மாதிரி இருப்பேன்.

“ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்னுட்டு எப்பிடி ஆயாம்மா ஒங்களுக்குத் தொரமார் வியாதி வந்திச்சு?” என்று ஒருத்தி கேட்டாள்.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? “ஒனக்குக் கொழுப்புன்னு கல்யாணம் முடிச்ச மறுநாளே எனக்குத் தெரியும். இதுக்குப் போயி ரெத்தம் எடுத்தாங்களாக்கும்” என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தாரே தவிர, மாத்தளை கிளினிக்கில் மாத்திரை தரத் தொடங்கிய நாளிலிருந்து அதை எனக்கு எடுத்து வைத்தவர் அவர்தான். இராச் சோறு முடிந்ததும் ஒரு கோப்பைத் தண்ணீர், பக்கத்தில் மாத்திரை. “இந்தா, அக்காவ நெனச்சுக்கிட்டுப் போடு” என்பார். நானும் அக்காவை நினைத்துக்கொண்டுதான் போடுவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் தொடையில் வலி வந்தது. மலை ஏறிவிட்டு வந்தால் மறுநாள் வருமே, அந்த மாதிரி வலி. ஆனால் நான் மலை ஏறி இருபது வருஷம் ஆகியிருந்தது. பிறகு புஜத்துக்கும் ஏறியது. தலை சீவக் கையைத் தூக்கினால் பாதியிலேயே இறங்கிவிடும். வயசு என்று நினைத்தேன். வாதம் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் பின்னேரத்தில் தைலத்தைச் சூடாக்கிக் காலில் தேய்த்துவிடுவார். “காலா இது? கொக்குக் கால்” என்று சொல்லிச் சொல்லித் தேய்ப்பார். அந்தச் சின்ன மாத்திரையை நாங்கள் இரண்டு பேரும் சந்தேகப்படவே இல்லை. உயிரைக் காப்பாற்றுகிற மாத்திரை அல்லவா அது?

பிள்ளைக்காம்பரா வேலை என்பது பாதி உட்காருவதும் பாதி எழும்புவதும்தான். பாயில் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். எழும்பித் தொட்டிலைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை ஒன்றுக்கு இருந்துவிட்டால் துடைக்க மறுபடி உட்கார வேண்டும். எனக்கு உட்காருவது சுகமாக இருந்தது, எழும்புவது பெரும் பாடாகிவிட்டது. ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மறு கையால் சுவரைப் பிடித்து, “ஏ முருகா” என்று சொல்லித்தான் நிமிருவேன். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்க்கும்.

மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக்குக்குப் போனேன்தான். அங்கே நூறு பேர் வரிசை. டொக்டர் சிங்களத்தில், “கொஹொமத அம்மே?” என்று எப்படி இருக்கிறேன் என்று கேட்பார். “ஹொந்தாய் டொக்டர்” என்பேன். எனக்கு நன்றாக வந்த சிங்களம் அதுதான். நல்லா இருக்கேன் என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும். அடுத்த ஆள் வரலாம், நானும் வெளியே போகலாம். கால் கிடந்து கடுக்கும்போதும் ஐந்து மாதம் தொடர்ந்து ஹொந்தாய் என்றே சொல்லிவிட்டு வந்தேன்.

பதினாறு பிள்ளைகளில் ஒருவன் எட்டு மாதக்காரன். தோட்டத்திலேயே பாரமான பிள்ளை. மருத்துவிச்சி மாதாமாதம் நிறுக்க வந்தால் இவனைக் கடைசியில்தான் தராசில் தொங்கவிடுவாள். “மொதல்ல இவனப் போட்டா தராசு பயந்துரும்” என்பாள். தொடையில் மூன்று மடிப்பு. யாரைப் பார்த்தாலும் பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு கையை நீட்டுவான். அவன் கையை நீட்டினால் தூக்காமல் இருக்க என்னால் முடியாது.

ஒரு நாள் பகலுக்கு முன்னால் அவனைத் தூக்கிக்கொண்டு தொட்டிலிலிருந்து பாய்ப்பக்கம் திரும்பினேன். இரண்டு புஜமும் ஒரேயடியாக விட்டுப்போயின. நனைந்த துணி மாதிரித் தொய்ந்தன. நான் முதுகைச் சுவரில் சாய்த்து அப்படியே சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை என் மடியில்தான் இறங்கினான். அவனுக்கு அது விளையாட்டு. கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு, இன்னொரு தரம் செய் என்பது போல் எம்பினான்.

பக்கத்தில் சுவர் இருந்தது. சுவர் இல்லாத வாசற்படியில் நின்றிருந்தால்? சீமெந்துத் தரையில் அந்தத் தலை பட்டிருந்தால்?

தோட்டத்து ஆபீசில் சொன்னால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இந்தப் பதினாறையும் விட்டுவிட்டு நான் லயத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வேன்? சொல்லாவிட்டால் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு பிள்ளை. வீட்டுக்காரரிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகளை உட்கார்ந்தபடியே இழுத்து மடியில் வைத்தேன். தாய்மாரிடம், “பாயிலேயே வச்சிட்டுப் போ புள்ள, நான் பாத்துக்கிறேன்” என்று சமாளித்தேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது பிள்ளைகள்தான்.

ஒரு பின்னேரம் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து நிற்கிறார்கள். மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று நடுக்காம்பராவில் துணிப்பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு குந்தினாள். பிறகு ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மறு கையை இல்லாத சுவரில் வைத்து, முகத்தைச் சுளித்து, “ஏ முருவ்வா” என்று நிமிர்ந்தாள். பின்னாலேயே ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தி, வரிசையாக முருகனைக் கூப்பிட்டு எழும்பின. ஒருவன் எழும்பி முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி வேறு காட்டினான்.

“அடியே, என்னாடி வெளையாட்டு இது?”

“ஆயா எழும்புறது!”

தாய்மார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாரமான பிள்ளையின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போகும்வரை அவள் வாசலில் நின்றாள்.

“ஆயாம்மா, எங்க வலிக்குது?”

“ஒண்ணுமில்ல புள்ள. வயசு.”

“எங்கம்மாவுக்கு ஒங்களவிட வயசு கூட. அது மரத்துல ஏறி மெளகு பறிக்குது. உண்மையச் சொல்லுங்க.”

சொன்னேன். கை விட்டுப்போனதையும் சொன்னேன். யார் பிள்ளை கையில் இருந்தது என்பதையும் சொன்னேன். அவள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். முகம் கறுத்துவிட்டது.

“எம் புள்ளயப் போட்டிருந்தீங்கன்னா?”

நான் பாயில் கிடந்த துணிப்பொம்மையை எடுத்துத் தூசி தட்டினேன். அவள் விடவில்லை.

“எத்தன நாளாச்சு? ஒருத்தர்கிட்டயும் சொல்லணும்னு தோணலியா ஒங்களுக்கு? டொக்டர்கிட்ட என்னா சொன்னீங்க?”

“ஹொந்தாய்னு சொன்னேன்.”

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். கோபத்தில் வந்த மூச்சு பாதியில் சிரிப்பாகிவிட்டது. “ஐயோ, ஆயாம்மா” என்றாள். பிறகு, “கிளினிக் என்னைக்கு?”

“வர்ற புதங்கெழம.”

“அது வரைக்கும் இவன மட்டுமில்ல, ஒரு புள்ளயயும் நீங்க தூக்க வேணாம். நான் மத்தவங்ககிட்டப் பேசிக்கிறேன். விசயம் ஆபீசுக்குப் போகாது. புதங்கெழம நான் வேலைக்குப் பேர் போடல, ஒங்களோட வாறேன்.”

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கண்டியில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள். சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும்.

புதன்கிழமை பலாபத்வலச் சந்தியில் பஸ் ஏறினோம். பிள்ளையும் கூடவே வந்தான். சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம் அது. டவுனுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் எல்லோரும் பையோடு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். எனக்கு அந்தப் பஸ் படிதான் எமன். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்படியில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் ஆட்கள் முணுமுணுத்தார்கள். கீழே நின்ற பெண் பொலிஸ், ஏன் இறங்கவில்லை என்று அதட்டினாள். எனக்கு வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது.

எனக்கு முன்னால் இறங்கியிருந்த தாய்க்காரி சிங்களத்தில் ஏதோ சொல்லி, யோசிக்காமல் பிள்ளையை அந்தப் பெண் பொலிசின் கையில் கொடுத்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்து இறக்கினாள். பொலிஸ்காரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோளில் துவக்கு, கையில் எங்கள் தோட்டத்துத் தராசு பயப்படுகிற பிள்ளை. அவன் அவளைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்தான். “அம்மோ, பர!” என்று பாரத்தில் முக்கினாள். திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தில் அதட்டல் இல்லை. எனக்கு அவள் கையைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

கிளினிக்கில் என் முறை வந்தது. டொக்டர் துண்டைப் பார்த்துக்கொண்டே, “கொஹொமத அம்மே?” என்றார்.

“ஹொந்தாய் டொக்டர்” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாய்க்காரி என் முதுகில் ஒரு குத்துக் குத்தினாள். “ஹெபெய்...” என்று தொடங்கினாள். “ஆனால்” என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல். அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. தொடை, புஜம், சுவர், மடி எல்லாம் சொன்னாள். அதுவும் போதாதென்று பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, டொக்டரின் மேசைக்கு முன்னால் குந்தி, பிள்ளைகள் செய்த மாதிரியே முழங்காலைப் பிடித்து, முருகனையும் கூப்பிட்டு எழும்பிக் காட்டினாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார். என்னால் முடியவில்லை. மூத்திரம் கறுத்துப் போகிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இரத்தம் எடுக்க எழுதினார். அந்த மாத்திரை சிலருக்குத் தசையைப் பிடிக்கும் என்று சொன்னார். இப்போதைக்கு நிறுத்துங்கள், வலி போகட்டும், பிறகு வேறொன்றைக் குறைத்துத் தருகிறேன் என்றார். ஏன் முந்தியே சொல்லவில்லை என்று அவர் கேட்டதைத் தாய்க்காரி எனக்குத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு விளங்கிவிட்டது.

மாத்திரை இல்லாத அந்த ஐந்தாறு கிழமையும் எனக்குப் பயம்தான். நெஞ்சில் ஓர் ஏப்பம் வந்தாலும் அக்கா நினைவு வரும். வீட்டுக்காரர் கோப்பைத் தண்ணீரை மட்டும் வழக்கம்போல் வைப்பார். “மாத்திர இல்லாட்டி என்ன, தண்ணியக் குடி. அக்காவ நெனச்சுக்க” என்பார். தேங்காய்ப்பாலைக் குறைத்து அவரே கறி வைத்தார். அதைச் சாப்பிட்டால் கொலஸ்ட்ரோல் என்ன, ஆளே குறைந்துபோகலாம். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

தாய்மார் சொன்னபடி நடந்தார்கள். பால் கொடுக்க வருகிறவள் தன் பிள்ளையோடு இன்னும் இரண்டு பிள்ளைகளைத் தூக்கித் தொட்டிலில் போட்டுவிட்டுப் போவாள். மூத்த பிள்ளைகள் நான்கைந்து சேர்ந்து என் கையைப் பிடித்து இழுத்து என்னை எழுப்பும். எழும்பியதும் கை தட்டும். வலி மெதுவாகத்தான் போனது. முதலில் தலை சீவ முடிந்தது. பிறகு சுவர் தேவைப்படவில்லை.

இப்போது புதிய மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி முழுதாகப் போகவில்லை. மாத்திரை போட்ட மறுநாள் படியேறினால் தொடை இலேசாகக் கடுக்கும். அவ்வளவுக்கு ஒத்துப்போகலாம் என்று நானும் டொக்டரும் பேசி வைத்திருக்கிறோம். பேசி வைத்திருக்கிறோம் என்று நானே எழுதுவது எனக்கே புதுமையாக இருக்கிறது. கிளினிக்கில் இப்போதும் முதலில் ஹொந்தாய் என்றுதான் சொல்வேன். டொக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். நான் “ஹெபெய்” என்பேன்.

பாரமான பிள்ளையை மறுபடி தூக்கலாம் என்று எனக்குத் தைரியம் வந்த நாள், முதலில் அவன் தாயிடம் கேட்டேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, கையை அவனுக்குக் கீழே ஏந்திப் பிடித்துக்கொண்டு, “தூக்குங்க” என்றாள். குந்தினேன். தூக்கினேன். புஜம் நின்றது. சத்தம் இல்லாமல் எழும்பினேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அவனுக்குத்தான் அது பிடிக்கவில்லை. அந்த இடைக்குள் அவன் நடக்கப் பழகியிருந்தான். இறக்கிவிடு என்று நெளிந்தான், காலை உதைத்தான். இறக்கிவிட்டேன். தள்ளாடிக்கொண்டு போய் மற்றப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியில் நின்றான். அவர்கள் குந்தினார்கள், அவனும் குந்தினான். ஒரு கையை முழங்காலில் வைத்து, “முவ்வா” என்று சொல்லி எழும்பினான்.