கேமரா திரும்பாத மூலை

மேலப்பாளையத்தில் செல்போன் பழுது பார்க்கும் ஷமீமுக்கு உலகத்தில் எதைக் கண்டும் பயம் கிடையாது, வாப்பா வாசலைத் தாண்டிவிடுவாரோ என்பதைத் தவிர. மறதி நோய் வந்த மனுஷன். போன மழைக்காலத்தில் பாளையங்கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அன்று பிடித்த நடுக்கம் ஷமீமை விடவே இல்லை.

கடையில் இருந்தபடியே வாப்பாவைப் பார்க்க ஒரு கேமரா செய்தான். பழைய பொம்மை விமானத்தில் கழற்றிய இரண்டு சின்ன மோட்டார்; ஒன்று கேமராவை இடம் வலமாகத் திருப்பும், மற்றது மேலும் கீழும் அசைக்கும். எல்லாவற்றையும் ஒரு பிவிசி குழாய்த் துண்டில் பொருத்தி, கூடத்துச் சுவரில் மாட்டினான். போனில் விரலை இழுத்தால் போதும். சும்மா சொல்லக் கூடாது, கோழி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

வந்ததே வினை! கூடத்தின் வலது மூலையில்தான் அவன் மனைவி முஃபீதாவோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் முக்காட்டை நழுவவிட்டுப் பீடி சுற்றுவார்கள். “ஏலே ஷமீமு, அந்தக் கண்ணு எங்க பக்கம் திரும்புச்சு, ஒலக்கையால ஒரே போடுதான்” என்றாள் அடுத்த வீட்டு ஷரீபா பீவி. நியாயம்தானே. அந்தப் பக்கம் திரும்பாதபடி ஒரு திருகாணியை முடுக்கிவைத்தான்.

ஒருநாள் சுற்றிய பீடியைக் கொடுத்துவர முஃபீதாவும் மற்ற பெண்களும் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஷமீம் போனைப் பார்த்தான். கட்டில் காலி. இடப்பக்கம் திருப்பினான், கதவு திறந்துகிடந்தது. வலப்பக்கம் இழுத்தான்; கேமரா திருகாணியில் முட்டி நின்றது. ஆம்பிளைகள் உட்காராத மூலை அது, வாப்பா அங்கே இருப்பார் என்று அவன் புத்திக்கு எட்டவே இல்லை. கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். “யா அல்லாஹ், என் வாப்பாவக் காப்பாத்து” என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே ஓடினான். கால்வாய்ப் பாலத்தில் நின்று எட்டிப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்குள் பாய்ந்தான். மூலையில், பீடித் தட்டுகளுக்கு நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு வாப்பா குறுகி உட்கார்ந்திருந்தார்.

“வாப்பா! இங்கன என்ன செய்யுதிய?”

அவர் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். “பைய பேசு. எங்கன போனாலும் அது என்னையே பாக்குது. கதவத் தொறந்து ஓடப் பாத்தேன், அங்கனயும் திரும்பிருச்சி. இந்த எடம் மட்டுந்தான் அதுக்குத் தெரியல.”

மேலே, திருகாணியில் முட்டிய மோட்டார் விர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது.

வாப்பா மகனின் வாயைப் பொத்தினார். “சத்தம் காட்டாத லே. தேடுது.”