அவளுடைய உயரத்துக்கு ஒரு வெட்ஜ்

திருச்சியில் கோல்ஃப் ஆடுகிறேன் என்று சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு எங்கே என்று கேட்கிறார்கள். மன்னார்புரத்தைத் தாண்டி ஒன்பது குழிகளுடன் ஒரு மைதானம் இருக்கிறது. ஐப்பசியில் முளைக்கும் புல் மாசிக்குள் கருகிவிடும். மற்ற ஊர்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் விரிப்பு இருக்கும், அதற்கு கிரீன் என்று பெயர். எங்களுக்கு எண்ணெய் கலந்த மணல்தான். அதை பிரவுன் என்கிறோம். இவ்வளவு நேர்மையான பெயரை நான் வேலை பார்த்த இடத்தில் எதற்கும் வைத்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் நானும் என் மனைவியும் அங்கே போக ஆரம்பித்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து விடிந்ததும் கிளம்பினால் நெரிசலுக்கு முன் காவிரிப் பாலத்தைக் கடந்துவிடலாம். நான் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். அளந்து பார்த்துத் திருப்பி அனுப்புவதே உத்தியோகம். கோல்ஃப் விதிப்புத்தகத்தை முழுவதும் படித்த பிறகே முதல் பந்தை அடித்தேன். அவள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள். எதையும் படிக்காமல் அடித்தாள். அவளுடையதுதான் நேராகப் போயிற்று.

நாங்கள் ஆடியது, இருவருக்கும் சேர்த்து ஒரே பந்தை வைத்துக்கொண்டு மாறி மாறி அடிக்கும் ஆட்டம். முறை தப்பி அடித்தால் தண்டனை உண்டு. ஒன்பதாவது குழிக்கு முதல் அடி என்னுடையது. அந்த பிரவுனுக்கு முன்னால் பங்கர் என்கிற மணல் பள்ளம். என் பந்து பெரும்பாலும் அதற்குள்தான் போய் விழும்.

“உள்ள தள்றது நீங்க, வெளிய எடுக்கறது நானா? வீட்டுலதான் அப்படின்னா இங்கயுமா?” என்பாள்.

அவளிடம் இருந்தது என் பழைய வெட்ஜ். பந்தைத் தூக்கி உயரக் கிளப்பும் கிளப், அதாவது மட்டை, அது. அவளுக்கு அது நீளம். பாதித் தண்டில் பிடித்துக்கொண்டு அடிப்பாள். பந்து பள்ளத்தின் விளிம்பில் மோதி அவள் காலடிக்கே திரும்பி வரும்.

“ஒரே ஒரு தடவை, ஒரே அடியில வெளிய எடுத்துட்டேன்னு வைங்க, அதுக்கப்புறம் இந்த விளையாட்டே வேண்டாம்” என்றாள் ஒருநாள். அவள் எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சென்னையிலிருந்து எப்போதாவது வந்து, ஆளுக்கு அளவெடுத்து கிளப் செய்து தரும் ஒருவரை அழைத்தோம். அவர் அவளைச் செருப்பைக் கழற்றி நேராக நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப் பிடித்தார். உள்ளங்கையையும் விரல்களையும் அளந்தார். கிளப்பின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிச் சில பந்துகள் அடிக்கச் சொன்னார். பட்டையில் தேய்ந்த இடத்தைப் பார்த்து, அவளுக்குத் தண்டு குட்டையாகவும் தலை சற்றுத் தாழ்ந்த கோணத்திலும் வேண்டும் என்றார். தரை கெட்டி, அதனால் அடிப்பக்கம் மெலிந்திருக்க வேண்டும் என்றேன் நான். மணலில் புதையாமலிருக்க அகலமாக வேண்டும் என்றாள் அவள். அவள் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார்.

“இந்தக் கோடெல்லாம் எதுக்கு? பந்தைச் சுத்த வைக்கவா?” என்று கேட்டாள். கிளப்பின் முகத்தில் வரிசையாக வெட்டியிருக்கும் பள்ளக் கோடுகளைத்தான்.

“டயர்ல கோடு இருக்குல்ல மேடம், அது மாதிரி. நடுவுல மாட்டுற தண்ணியும் புல்லும் அதுக்குள்ள போயிடும். முகம் பந்தை நேராப் பிடிக்கும்.”

கோட்டின் அகலத்துக்கும் ஓரத்தின் கூர்மைக்கும் விதியில் வரம்பு இருப்பதை நான் விளக்க ஆரம்பித்தேன்.

“டயர்னு சொன்னாரே, அதுவே போதுங்க. சட்டத்தை வீட்டுல வச்சுக்கலாம்.”

அவர் சிரித்துவிட்டு, நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் மாட்டினால் கோடு நன்றாக இருக்கிறது, வழுக்கினால் தேய்ந்துவிட்டது. எங்கள் பங்கரில் ஆற்றுமணல் இல்லை, எம்-சாண்ட். கல்லை உடைத்த பொடி கோட்டைச் சீக்கிரம் தின்றுவிடும் என்று எச்சரித்தார். கூடவே இன்னொரு வெட்ஜையும் காட்டினார்.

“ரெண்டாவது எதுக்குங்க? எனக்கு ஒரு பள்ளத்துலேர்ந்துதான் வெளிய வரணும்.”

கிளப் வந்து சேர்வதற்குள் அவளுக்கு மார்பில் கட்டி கண்டுபிடித்திருந்தார்கள். எந்தப் பரிசோதனை, எந்த மாடி, எந்த வரிசை எல்லாம் எனக்கு அத்துப்படி ஆயிற்று. நடைமுறை தெரிந்தவன் என்று செவிலியர்கள் என்னை மதித்தார்கள். அந்த மதிப்பை வைத்து எதையும் வாங்க முடியவில்லை.

கூரியர் பெட்டியைக் கட்டிலிலேயே பிரித்தாள். மருந்தினால் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. அவளுடைய விரலை அளந்து செய்த பிடியைப் பிடித்துப் பார்த்தாள்.

“கையுறை மேல கையுறை போட்ட மாதிரி இருக்குங்க” என்றாள். பிறகு கறுத்திருந்த கட்டைவிரல் நகத்தைக் கோடுகளின் குறுக்கே இழுத்தாள். “நகம் மாட்டுது. அது தெரியுது.”

உடம்பு கொஞ்சம் தேறிய ஒரு காலையில் மைதானத்துக்குப் போனோம். ஒன்பதாவது குழி மட்டும் என்று ஒப்பந்தம். என் முதல் அடி வழக்கம்போலப் பள்ளத்துக்குள் போயிற்று.

“பரவாயில்லை, மாறவே இல்லை நீங்க.”

அவள் மெதுவாக இறங்கி நின்றாள். அந்த கிளப் அவள் கையில் எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பதை அப்போதுதான் பார்த்தேன். எங்கும் குனியவில்லை, நீட்டவில்லை. வீசினாள். மணல் அழகாக எழுந்தது, பந்தும் எழுந்தது. விளிம்பின் உச்சியில் பட்டுத் திரும்பி உருண்டது.

அடுத்த அடி என் முறை. அவள் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னைக்குப் போதுங்க. இன்னொரு நாள் வந்து இதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம். முடியுமா?”

“முடியும். ஆட்டம் நின்னா இடத்தைக் குறிச்சுக்கிட்டுப் பந்தை எடுத்து வச்சுக்கலாம். விதி இருக்கு.”

“இருக்கும்னு தெரியும். எதுக்குத்தான் உங்ககிட்ட விதி இல்லை?”

பந்தைத் துடைத்துப் பையில் வைத்தேன். இன்னொரு நாள் வரவில்லை.

அளவெடுத்தவர் விஷயம் தெரிந்து தொலைபேசியில் அழைத்தார். “அந்த வெட்ஜை வீணாக்காதீங்க சார். தண்டை மாத்தி, கோணத்தை வளைச்சு உங்க உயரத்துக்குப் பண்ணித் தரேன்” என்றார். நல்ல மனதோடு சொன்னார். வேண்டாம் என்றேன்.

ஒரு காலையில் தனியாகப் போனேன். பந்தை அவள் விட்ட இடத்தில் வைத்தேன். அவளுடைய வெட்ஜைப் பிடிக்க முழங்காலை மடக்கி முதுகை வளைக்க வேண்டியிருந்தது. குனியவே கூடாது என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். நகத்தைக் கோடுகளில் இழுத்துப் பார்த்தேன். மாட்டிற்று. தேய்வதற்கு அவள் எங்கே அடித்தாள்?

அடித்தேன். பந்து விளிம்பைத் தாண்டி பிரவுனில் விழுந்து, ஓடாமல், குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. குழந்தைகூடத் தட்டிப் போட்டுவிடும் தூரம்.

மணலைச் சமன்செய்துவிட்டு மேலே வந்தேன். பந்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். அடுத்த அடி அவளுடையது.