என் மகனுக்கு ஊறிய பால்

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர் பதில் தந்த விதம் அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இருபது வருஷத்துக்கு முன், ஐம்பதுகளின் தொடக்கம். பெரியகல்லாற்றில் இருந்தோம். நெடுநாள் காத்திருந்து பெற்ற என் மகன், பெயர் வைக்குமுன்னே போய்விட்டான். அது என் மார்புக்குத் தெரியவில்லை. மல்லிகைப்பூ வைத்துக் கட்டியும் பால் வற்றவில்லை. கல்லாய்க் கட்டிக்கொண்டது. காய்ச்சல் அனலாய் அடித்தது. "ஆண்டவரே, இந்த நோவை எடும், இல்லாவிட்டால் என்னை எடும்" என்று அழுதேன்.

அந்தக் கிழமைதான் கோயிலில் அறுப்புப் பண்டிகை. எல்லாரும் முதற்பலன் கொண்டுபோனார்கள். படுக்கையிலிருந்து வேலிக்கு மேலால் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம், நிறைமாத வயிற்றோடு, தங்கள் வட்டை வயலில் முதலில் அறுத்த நெற்கதிரைச் சுமந்து போனாள். கோயில் கூரைக்குக் கிடுகு பின்னிக் கொடுப்பவளும் அவள்தான், பாடகர் குழுவில் முன்னுக்கு நிற்பவளும் அவள்தான். கொடுத்துவைத்தவள் என்று ஊரே சொல்லும். என் முதற்பலன் மண்ணுக்குள் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த நாளே பாக்கியம் பெண் பிள்ளை பெற்றாள். பெற்றதும் ஜன்னி கண்டது. அவள் புருஷன் சாமுவேல் பிள்ளையோடு என் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, பாக்கியத்த மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. புள்ள பசுப்பால எல்லாம் கக்குது. ஒருக்காக் குடு தங்கச்சி."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவளுக்கு நெல்லும் வேண்டும், பிள்ளையும் வேண்டும், என் மகனுடைய பாலும் வேண்டுமா? அந்த நேரம் பிள்ளை வீரிட்டு அழுதது. என் சட்டை நனைந்துவிட்டது. நான் ஓம் சொல்லுமுன் என் உடம்பு ஓம் சொல்லிவிட்டது. வாங்கி அணைத்தேன். குடிக்கக் குடிக்கக் கட்டு இறங்கியது. பிறகு காய்ச்சலும் விட்டது. நான் செய்த ஜெபத்துக்கு ஆண்டவர் அனுப்பிய மருந்து பாக்கியத்தின் பிள்ளை!

அவள் சுகமாகித் திரும்பி வரும் வரைக்கும் நான்தான் பால் கொடுத்தேன். வந்தவள் பிள்ளையைத் தூக்கினாள். அது கத்தியது.

"என்ட கைக்கு வந்தா அழுறாள், உன்னக் கண்டாச் சிரிக்கிறாள். எரியுது கா எனக்கு," என்றாள் பாக்கியம். "நான் நெல்லத்தான் குடுத்தன். நீ குடுத்தத என்னால குடுக்க ஏலுமா?"

கேட்க எனக்கு எவ்வளவு இனித்தது! இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். அதற்குப் பிறகு, பால் இல்லாத தாய்மார் எந்தத் தெருவிலிருந்து ஆள் அனுப்பினாலும், பால் வற்றும்வரை போய்க் கொடுத்தேன்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று சாட்சி சொன்னால் அது பொய். போன மாதம் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம். தாய் என்று பாக்கியத்தைத்தான் கோயிலில் முன்வரிசை வாங்கில் இருத்தினார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. எரிந்துகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன்.

அன்பானவர்களே, மனம் சுத்தமாகட்டும், பிறகு கொடுப்போம் என்று இருந்துவிடாதீர்கள். நெல்லோ, பாட்டோ, பாலோ, ஆண்டவர் உங்களிடம் வைத்திருப்பதை, அழுகிறவர் வாசலுக்கு வந்தவுடன் கொடுத்துவிடுங்கள். மனம் பிறகு வரும். வராவிட்டாலும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.