மூன்றாம் கவுண்டர்

அவள் சூப்பர்மார்க்கெட்டில் பில் போடப் போன நாளிலிருந்து நாத்தனார் அவளோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அதில் நியாயமும் இருந்தது. நாத்தனாரின் மளிகைக் கடைக்கு எதிரில்தான் அந்த சூப்பர்மார்க்கெட் வந்தது. முதல் வருடம் எல்லாச் சாமானையும் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். நாத்தனாருடையது உட்பட தெருவிலிருந்த சின்னக் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. கடைசிக் கடையும் போனபிறகு விலை மெல்ல ஏறியது. வேறு போக்கிடம் இல்லாத ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். கணவனுக்கு முதுகு போய் வேலை நின்றபோது அவளுக்கும் வேறு போக்கிடம் இருக்கவில்லை.

கொஞ்ச நாளாக அலமாரித் தட்டில் ஒட்டியிருக்கும் விலை ஒன்றும் பில்லில் விழும் விலை வேறொன்றுமாக இருந்தது. கேட்டால் பழைய சீட்டு என்று சொல்லிவிடச் சொல்லியிருந்தார் மேனேஜர். அவளும் சொன்னாள், ஆளின் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மற்ற கவுண்டர்கள் காலியாகக் கிடக்க, மூன்றாம் கவுண்டரான அவளுடையதில் மட்டும் வரிசை வாசல்வரை நீண்டது. எல்லாம் தெருப் பெண்கள். முன்னால் நாத்தனார்.

பால்பவுடர் டப்பாவை வைத்துவிட்டு நாத்தனார் செல்போனை நீட்டினாள். தட்டிலிருந்த விலையைப் படம் எடுத்திருந்தாள். "இதுல போட்டிருக்கறது இது. நீங்க அடிச்சது என்ன?"

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "பழைய சீட்டுன்னு சொல்லிட்டு அடுத்த ஆளப் பாரும்மா."

 அவளுக்கு வீட்டு வாடகையும் கணவனின் மாத்திரையும் நினைவுக்கு வந்தன.

"நீங்களே சொல்லுங்க அண்ணி. பழசுன்னு உங்க வாயால சொன்னா நான் பேசாம போயிடுறேன்."

"சார்," என்றாள் அவள், திரும்பாமல். "அந்தச் சீட்ட நேத்து நான்தான் ஒட்டினேன். பழசுன்னு எப்படிச் சொல்ல?"

"அப்ப எழுந்திரு."

அவள் எழவில்லை. பில்லை அழித்துவிட்டுத் தட்டு விலைக்கே போட்டாள். அடுத்தவளுக்கும் அப்படியே. மேனேஜர் காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளியின் மனைவியும் வரிசையில் நின்றதால் அவன் காது கேட்காதவன்போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மேனேஜரே குனிந்து பில் மெஷினின் ஸ்விட்சை அணைத்தார். அன்றோடு அவள் வேலை போயிற்று.

மறுநாள் காலையில் சீட்டுகள் எல்லாம் மாற்றப்பட்டிருந்தன. பில் விலை இறங்கவில்லை. தட்டு விலையை ஏற்றி அதோடு சரிக்கட்டிவிட்டார்கள்.

சேதி சொல்ல நாத்தனாரே வீடு தேடி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "என்னால உங்க வேலையும் போச்சு."

"நானாத்தான் விட்டேன். உனக்காகன்னு நெனச்சுக்காத."

 நாத்தனார் மெதுவாக, "என் கடை ஷட்டரத் திறக்கலாம்னு இருக்கேன். தெருக்காரங்க சேர்ந்து மொத்தமா சாமான் எடுக்கறோம். கணக்குப் பார்க்க ஆள் வேணும்," என்றாள்.

முதலில் கேட்ட மொத்த வியாபாரி சரி என்றார், ரெண்டு நாளில் மாட்டேன் என்றார். சூப்பர்மார்க்கெட்டிலிருந்து யாரோ பேசிவிட்டார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். வெளியூர் அரிசி ஆலைக்காரர் ஒருவர் சரக்கு அனுப்பச் சம்மதித்தார். லாரி வரவேண்டிய காலையில் எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மதியம் ஆகியும் காணவில்லை. சிலர் தாங்கள் போட்ட முன்பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியபோதுதான் திருப்பத்தில் ஹாரன் சத்தம் கேட்டது.

பாதித் தெரு இன்னும் சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான் போகிறது. மீதிப் பாதிக்கு நாத்தனார் கடையில் அவள் எடை போடுகிறாள்.