துவைக்காத மேசைத்துணி

என் தம்பி லயனல் இருபத்தெட்டுக் குளிர்காலம் எங்கள் ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டினான். பன்னிரண்டடி இரும்புப் பலகையை முன்னால் மாட்டிக்கொண்டு, வாசல்களில் நிற்கும் தபால் பெட்டிகளுக்கு ஒரு சாண் மட்டும் விட்டுப் போவான். அத்தனை வருஷத்தில் அவன் உடைத்தது இரண்டே பெட்டி. அதில் ஒன்று என்னுடையது. பெட்டி கோணலாக நின்றதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்வான். அளந்து பார்த்தேன். கோணல்தான்.

நவம்பரில் வரும் நன்றித் திருநாள் விருந்துக்கு மேசையை அலங்கரிப்பதும் அவன்தான். இலைகள் சிவக்கும் நாட்களில் லாரியை ஓரங்கட்டி, நல்ல மேப்பிள் இலையாகப் பொறுக்கி, சாலை வரைபடப் புத்தகத்தின் நடுவில் வைத்து அழுத்துவான். கல்லறைத் தோட்டத்துச் சுவரில் படரும் செம்மணிக் கொடியை வெட்டிவந்து மேசையின் நடுவில் நீளமாகப் போடுவான். அதன் இடையிடையே கைப்பிடி அளவுச் சுரைக்காய்கள், இரண்டு பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகள். தட்டுகள் வரிசையாக இருக்கிறதா என்று ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்ப்பான். முப்பத்து நான்கு வருஷம் ஆலையில் காகிதத் தாள்களில் கறை தேடிய என் கண்ணுக்கே அதில் குறை தெரிந்ததில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் விரிக்கும் துணிதான் முக்கியம். அதைத் தொடங்கியவள் எங்கள் அம்மா. விருந்துக்கு உட்கார்ந்ததும், பிரார்த்தனைக்கு முன்பாக, ஒவ்வொருவரும் தன் தட்டை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் பென்சிலால் பெயர் எழுத வேண்டும். குளிர்காலத்தில் அம்மா அந்த எழுத்தின் மேலேயே நூலால் தைப்பாள். வருஷத்துக்கு ஒரு நிறம். எல்லாப் பெயரும் தைத்து முடிந்த பிறகுதான் துணியைத் தண்ணீரில் போடலாம். இல்லாவிட்டால் பென்சில் போய்விடும்.

அம்மாவுக்குக் கண் மங்கியபோது, "நான் தைக்கிறேன்" என்று லயனல் சொன்னான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பனிப்புயலுக்குக் காத்திருக்கும் நேரங்களில், லாரிக் கொட்டகையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தான்.

"என்னடா லயனல், லாரிக்குப் பாவாடையா?" என்று கேட்டான் கூட ஓட்டும் ஹோபர்ட்.

"உன் வாய்க்குத்தான். கிட்ட வா, அளவு எடுக்கிறேன்."

ஹோபர்ட்டுக்கு வீட்டில் யாருமில்லை. அடுத்த நன்றித் திருநாளிலிருந்து அவன் பெயரும் துணியில் இருக்கிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு லயனலின் மனைவி மார்லிஸுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. போர்ட்லண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்து சிகிச்சை தொடங்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் ஊரில் இரண்டு ஓட்டுநர்கள் குறைவு. "பனி முடியட்டும், மார்ச்சில போகலாம்" என்று மார்லிஸே சொன்னாள். இவனும் சரி என்றான். விருந்தில் எல்லோரும் பெயர் எழுதி முடித்து, வான்கோழியை அறுக்கும்போது, மகள் கோரின் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, உங்களுக்கு ரோடு முக்கியமா, அம்மா முக்கியமா?"

"ஆம்புலன்ஸ் வரணும்னாலும் ரோடு வேணும் கோரின்."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

அதற்குமேல் அங்கே யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிப்ரவரி ஒன்பதாம் தேதி மார்லிஸ் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த கையோடு கோரின் கிளம்பிப் போனாள். பிறகு வரவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு போன், இரண்டு நிமிஷம்.

அந்த மார்ச்சில் லயனல் மார்லிஸின் பெயரைத் துருச் சிவப்பு நூலால் தைத்தான். அதை நான் பார்த்தேன். மற்றதைப் பார்க்கவில்லை.

அம்மா அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். அதன் பிறகு நாங்கள் மூன்று பேர்தான்: லயனல், ஹோபர்ட், நான். ஆனால் மேசையில் நான்கு தட்டு இருக்கும். நான்காவது தட்டு மார்லிஸுக்கு என்று நினைத்துக்கொண்டேன். நான் கேட்கவில்லை. நான் கேட்டதெல்லாம் துணியைப் பற்றித்தான். அவன் அதைத் துவைப்பதையே நிறுத்திவிட்டான். கிரேவிக் கறை, கிரான்பெரிக் கறை, காபி வட்டம் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போயின.

"நூல் சாயம் போயிடும்கா" என்பான்.

"இந்தத் துணியை அவிச்சா ரெண்டு பேருக்கு சூப் கிடைக்கும்" என்பான் ஹோபர்ட்.

போன அக்டோபரில் கோரின் போன் செய்து, விருந்துக்கு வருகிறேன் என்றாள். லயனல் ரிசீவரை வைத்துவிட்டு நெடுநேரம் அதன் பக்கத்திலேயே நின்றானாம். ஹோபர்ட் சொன்னான்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலையில், சோப்பும் கறைநீக்கியும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கொடி வெட்டப் போயிருந்தான். ஒன்பது வருஷம் கழித்து வரும் பெண்ணின் முன்னால் அந்தத் துணியை விரிப்பதா? அலமாரியிலிருந்து எடுத்தேன். தொட்டியில் வெந்நீரை நிரப்பினேன். துணியின் ஒரு நுனியைத் தண்ணீருக்கு மேல் பிடித்திருந்தபோது பின்கதவு திறந்தது.

"அக்கா. அதைக் கீழ வெச்சிடு."

அவன் சத்தம் போடவில்லை. கை நிறையக் கொடியோடு நின்றான். செம்மணிகள் தரையில் உதிர்ந்தன.

"நீ துவைக்க மாட்ட. நானாவது துவைக்கிறேன். அவ வர்றாடா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

கொடியைப் போட்டுவிட்டு வந்து, துணியை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் பக்கம் விரித்தான். மார்லிஸின் சிவப்புப் பெயருக்குப் பக்கத்தில், நான்காவது தட்டு வைக்கும் இடத்தில், பென்சிலால் எழுதிய 'கோரின்' என்ற பெயர் இருந்தது. மங்கிப்போயிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. அதன் மேல் ஒரு தையல்கூட இல்லை.

"கோபத்துல தைக்காம விட்டேன்" என்றான். "அடுத்த வருஷம் கோபம் போயிடுச்சு. ஊசியை எடுத்தேன், வெட்கமா இருந்துச்சு. அவ வராதப்போ அவ பேரைத் தைச்சு யாருக்குக் காட்ட?"

என் கை இன்னும் ஈரமாக இருந்தது. தண்ணீர் துணியில் சொட்டிவிடுமோ என்று பின்னால் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் ஒன்பது வருஷத்துக் கறை எதற்காக என்று எனக்குப் புரிந்தது.

"நான் தைச்சிடறேன்" என்றேன். "ஒரு மணி நேர வேலை. அன்னிக்கே தைச்சது மாதிரி இருக்கும். அவளுக்குத் தெரியாது."

"உன்னால முடியும்கா. அதான் வேண்டாங்கிறேன்."

"பார்த்தா என்ன நினைப்பா? அப்பா என்னை விட்டுட்டாருன்னுதானே?"

"ஆமா" என்றான்.

நான் தொட்டியின் அடைப்பை எடுத்து தண்ணீரை வெளியேற்றினேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவன் மேசையை இழுத்து நீட்டி, நடுப்பலகையைப் போட்டு, துணியை விரித்தான். சென்ற சில வருஷங்களாக அவன் கை நடுங்குகிறது. கொடியை மூன்று முறை போட்டு மூன்று முறை எடுத்தான். நான் உதவப் போகவில்லை. இலைகளைக் கிரேவிக் கறையின் மேல் வைத்து மறைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவன் அப்படி வைக்கவில்லை. வழக்கமான இடங்களிலேயே வைத்தான். நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தான். கடைசியாக நான்காவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு அந்தப் பென்சில் எழுத்தின் மேல் மெதுவாக வைத்தான்.

கோரின் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். தலையில் நரை தெரிந்தது. "அத்தை" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்குக் கை கொடுத்தாள்.

"ரோடு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான் லயனல். கேட்ட பிறகுதான் எந்த வார்த்தையைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள்.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். வான்கோழியிலும் கிழங்கு மசியலிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. பென்சில் ஹோபர்ட்டிடமிருந்து தொடங்கியது.

"அய்யய்யோ, என் பேர் மேல போன வருஷம் நானே காபி கொட்டியிருக்கேன்" என்று சொல்லி எழுதினான். நான் எழுதினேன். கோரின் பென்சிலை வாங்கி, தட்டை நகர்த்தினாள்.

முதலில் தன் அம்மாவின் பெயரைத் தொட்டாள். பிறகு பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள்.

"என் பேரைத் தைக்கலையா?"

"தைக்கல" என்றான் லயனல். "முதல்ல கோபம். அப்புறம் வெட்கம். உன் மேல தப்பில்ல."

ஹோபர்ட் கிரேவிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோரின் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் குனிந்து, துணியின் ஓரத்தைத் தூக்கி, கறைகளைப் பார்த்தாள். சின்ன வயதில் பாட்டியோடு சேர்ந்து இதே துணியை அவள் துவைத்திருக்கிறாள். தைக்காத பெயர் தண்ணீரில் என்னவாகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எத்தனை வருஷமா துவைக்கல?"

"ஒன்பது."

"அத்தை கத்தியிருப்பாங்களே."

"இப்பவும் கத்துறா."

அவள் சிரிக்கவில்லை. "அம்மா விஷயத்துல எனக்கு இன்னும் ஆறலப்பா" என்றாள்.

"தெரியும்மா. எனக்கும் ஆறல."

தன் பெயரின் மேல் விரலை வைத்து, "அந்த வருஷத்து நூல் இருக்கா?" என்று கேட்டாள்.

லயனல் எழுந்து போய் அலமாரி இழுப்பறையிலிருந்து துருச் சிவப்பு நூல்கண்டைக் கொண்டுவந்தான். அன்றைக்குக் குத்தி வைத்த ஊசி அதிலேயே துருப்பிடித்திருந்தது.

"சாப்பிட்டுட்டு நீங்களே தைங்க. நான் இருக்கும்போது."

"கை ஆடும்மா."

"ஆடட்டும்."

பழைய பெயருக்குக் கீழே இந்த வருஷத்துப் பெயரை எழுதினாள். பிரார்த்தனை சொன்னோம். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

பிறகு ஜன்னல் ஓரத்தில் அப்பாவும் மகளும் மடியில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். புது ஊசியில் நூலை அவள் கோத்துக் கொடுத்தாள். நான்கு மணிக்கு வெளிச்சம் போவதற்குள் அவனால் முதல் எழுத்தைத்தான் முடிக்க முடிந்தது. அது கோணலாக இருந்தது. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் கோரின் கிளம்பினாள். அடுத்த வருஷம் வருவேன் என்று சொல்லவில்லை. "மீதியைத் தைச்சு முடிச்சதும் போன் பண்ணுங்க" என்றாள்.

மார்ச் பதினொன்றாம் தேதி எல்லாப் பெயரையும் தைத்து முடித்தான். போனில் பேசி வைத்துவிட்டு, துணியை மடித்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"துவைச்சிடுக்கா."

இரண்டு முறை ஊறவைத்துத் துவைத்தேன். காபி போய்விட்டது. கிரேவி பாதிதான் போனது. ஈரத்தோடு துணிக்கொடியில் போட்டதும் லயனல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, கோரின் பெயர் இருந்த இடத்தைக் கையில் பிடித்துப் பார்த்தான். பிறகு கொடியில் துணி கோணலாகத் தொங்குகிறது என்று சொல்லி, இழுத்து நேராக்கினான்.