பதினோராவது ஊசி

நைனாவுக்குக் குடலில் புற்றுநோய். பெங்களூரில் கீமோ ஏற ஏற, இரண்டு பாதங்களும் மரத்துக்கொண்டே வந்தன. இது முற்றினால் மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் ஆண்டர்சன்பேட்டையில் அக்குபஞ்சர் பார்க்கும் டாக்டரம்மாவிடம் வாராவாரம் போனோம். பாதத்தில் உணர்வு எப்படி இருக்கிறது என்று அவர் எழுதித் தரும் சீட்டைப் பார்த்துத்தான் அடுத்த கீமோ.

சீட்டில் என்ன வர வேண்டும் என்று நைனாவுக்குத் தெரியும். ஒவ்வொரு ஊசிக்கும், "நல்லா தெரியுதும்மா, சுருக்குனு கீது" என்பார். பச்சைப் பொய். பங்காருபேட்டையில் ரயில் மாறும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பிளாட்பாரம் முழுக்க நடந்த மனுஷன் அவர். ஓடிப்போய் எடுத்துவந்த நான் டாக்டரம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. மறுநாளே பின்வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தேன். மருந்து நின்றால் நைனா போய்விடுவார் என்று எனக்கு அவ்வளவு பயம்.

அன்றைக்கும் பதினோரு ஊசி. குத்தும்போதும் பிடுங்கும்போதும் நைனா உதடசைத்து எண்ணுவார். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வரும் ஆட்களை எண்ணியே பழகிய மேஸ்திரி. அரை மணி கழித்து டாக்டரம்மா ஊசிகளைப் பிடுங்கித் தட்டில் போட்டார். "ஆச்சு, எழுந்திருங்க."

நைனா எழவில்லை. போர்வை ஓரத்தில், இடது கால் சுண்டுவிரல் பக்கத்தில், ஓர் ஊசி நின்றுகொண்டிருந்ததை நானும் பார்த்துவிட்டேன். டாக்டரம்மா கை கழுவத் திரும்பியதும் பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"பத்துதாம்மா வந்துச்சு," என்றார் நைனா சத்தமாக. "ஒன்னு இன்னும் உள்ள கீது."

"அய்யோ, மன்னிச்சுக்கோங்க. எங்கே குத்துது?"

நைனா கண்ணால் போர்வை முழுக்கத் தேடினார். டாக்டரம்மா போர்வையை விலக்கினார். ஊசியை எடுத்துவிட்டு, பாதம் முழுக்க ஒவ்வொரு இடமாக அழுத்தினார். ஒவ்வொன்றுக்கும் நைனா தலையை இல்லை என்று அசைத்தார். கட்டிலடியில் கிடந்த வார் செருப்பைப் பார்த்தார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்தார். சீட்டை எழுத ஆரம்பித்தார்.

வெளியே படியில் நைனாவை உட்காரவைத்து, செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டே வெடித்தேன். "வாய மூடிகினு இருந்தா நான் புடுங்கியிருப்பேன்ல? இன்னாத்துக்கு நைனா சொன்ன?"

"ஒரு ஆளு கீழ இருக்கறப்போ கணக்கு சரின்னு நான் எப்பவும் சொன்னதில்லம்மா."

குனிந்து வாரை இழுத்துக் கட்டினேன்.

"இறுக்குதா நைனா?"

"தெரியல," என்றார்.