வெறும் தட்டில் பூத்த வெள்ளை

என் மருமகளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என்னிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் நான்காம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் இலையையும் பூவையும் ஆவியில் வேகவைத்து எண்ணெய் இறக்குவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கொதிப்பது கிராம்பா, ஓமமா, புதினாவா என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவேன். எனக்கு வாய்த்த மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை.

பல் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. கல்யாணமாகி வீட்டுக்குள் வந்த அன்றே என் பல்செட்டை உற்றுப் பார்த்தாள்.

"மாமா, தூங்கும்போது இதைக் கழட்டி வைக்கிறீங்களா, இல்ல மாட்டிக்கிட்டே தூங்குறீங்களா?"

"நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, நீயாவது கேளுடி அம்மா" என்று என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பல்செட் போட்டவர்களின் அண்ணம் சிவந்து எரிவதற்குப் பெரும்பாலும் ஒரு பூஞ்சைதான் காரணமாம். நம் எண்ணெய்கள் அதை அடக்குமா என்று பார்க்கும் வேலையைப் பெரிய டாக்டரம்மாவிடம் கெஞ்சி வாங்கினாள். "செஞ்சு காட்டு. வரலைன்னா பழையபடி ரத்தம் எடுக்கற பிரிவுக்கே போயிடணும்" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். எண்ணெய் என் பட்டறையில் இறக்கியது. பின்னே, வேறு எவனிடம் வாங்குவாள்?

சின்னச் சின்னத் தட்டுகளில் கூழ் ஊற்றி, பூஞ்சையைத் தடவி, நடுவில் எண்ணெய் தோய்த்த காகித வில்லையை வைப்பார்கள். எண்ணெய்க்குச் சக்தி இருந்தால் வில்லையைச் சுற்றி எதுவும் முளைக்காமல் வட்டம் விழும். ஒரு தட்டில் மட்டும் வெறும் வில்லை. அதில் பூஞ்சை வெள்ளை வெளேரென்று மண்டியாக வேண்டும். பூஞ்சை வளரக் கதகதப்பாக வைக்கும் சூட்டலமாரியில் இடம் போதவில்லை என்று எல்லாத் தட்டையும் ஒரே தகரப்பெட்டியில் அடுக்கி இறுக மூடி வைத்தாள்.

மறுநாள் நானும் போனேன். என் சரக்கு ஜெயிப்பதை நான் பார்க்க வேண்டாமா? பெட்டியைத் திறந்தால் அத்தனை தட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"பாத்தியா! பூண்டோட அழிச்சிருச்சு!"

அவள் முகம் சுண்டிப்போனது. "கொஞ்சம் சும்மா இருங்க மாமா. எண்ணெயே வைக்காத தட்டுலயும் ஒண்ணும் முளைக்கலையே."

"அதுவும் நல்லதுதானே?"

"எங்க நல்லது? பூஞ்சை முன்னாடியே செத்திருந்தா, எண்ணெய் யாரைக் கொன்னுச்சு?"

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "செத்த பாம்பை அடிச்சிருக்கே" என்றார்.

மருமகள் பெட்டியின் மூடியை மோந்தாள். பிறகு என் மூக்கருகே நீட்டினாள்.

"கிராம்பு. பின்னாடியே ஓமம்" என்றேன். அந்த மூக்கு பொய் சொல்லாது.

"டாக்டர், வெறும் தட்டுக்கு எண்ணெய் போகலை, அதோட ஆவி போயிருக்கு! எல்லாரையும் ஒரே வீட்டுல குடி வெச்சது என் தப்பு. இன்னொரு தடவை செய்யறேன். அப்பவும் வரலைன்னா நானே ஊசியைத் தூக்கிக்கிட்டுப் போயிடறேன்."

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனித்தனி டப்பா தேவைப்பட்டது. நான் சமையலறையைக் காலி செய்தேன். "சர்க்கரையை எதுல கொட்டறது, உங்க தலையிலயா?" என்று மனைவி கத்தினாள். வெறும் தட்டு மட்டும் வேறு அறையில், வேறு அலமாரியில் தூங்கியது.

அடுத்த நாள் அந்த வெறும் தட்டில் விளிம்பு வரை வெள்ளை பூத்திருந்தது. பூஞ்சையைப் பார்த்துத் துள்ளிக் குதித்த பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன். கிராம்புக்கு அகல வட்டம், ஓமத்துக்கு அதைவிட அகலம். நான் ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும் புதினாவுக்குச் சட்டைப் பொத்தான் அளவுதான்.

"புதினா கொஞ்சம் சோப்ளாங்கி மாமா."

"அது வாசத்துக்கு ராஜா. சண்டைக்கு நான் அனுப்பவே இல்லையே!"

டாக்டரம்மா தட்டுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இந்த மேஜை உன்னோடதுதான். எவ்வளவு நீர்த்தா வாய் தாங்கும்னு அடுத்து பாரு" என்றார்.

"அப்படியே ஊத்திக் கொப்புளிச்சா என்ன?" என்றேன்.

"வாய் வெந்துபோகும் பெரியவரே."

மருமகள் அதற்குள் ரத்தப் பிரிவுக்கென்று கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, தன் சாமான்களை ஒவ்வொன்றாக மேஜை இழுப்பறையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.